குளிக்கத் தடை இருப்பதே நல்லது

சுவிட்சர்லாந்தின் லொசான் நகருக்குக் குடிநீர் தரும் ப்ரே ஏரியில் குளிக்க விடுவதில்லை என்று, அந்த ஏரியைப் பற்றி எழுதிய கட்டுரையாளர் வருத்தப்படுகிறார். எனக்கு அது குறையாகவே படவில்லை. நீந்த வேண்டுமென்றால் கீழே ஜெனீவா ஏரி கடல் மாதிரி விரிந்து கிடக்கிறதே! ப்ரேயோ சின்ன ஏரி. அழுக்கு சேர்ந்தால் கரைந்துபோக இடமில்லை. சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, சரி. அதற்காக நாமே அழுக்கைச் சேர்க்க வேண்டுமா? போன கோடையில் கரையோரம் நடந்தபோது நாணலுக்குள் மீன்குஞ்சுகள் கூட்டமாக நின்றன. பார்க்கவே மனம் குளிர்ந்தது.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்று: 1877-இல் லொசானிலிருந்து ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள ஊஷிக்கு ஓடத் தொடங்கிய கயிற்று ரயிலை இழுத்ததே இந்த ஏரித் தண்ணீர்தான். இன்று அந்தத் தடத்தில் மெட்ரோ ஓடுகிறது.