காரணம் கேட்டால் சொல்ல வேண்டியதில்லை

கட்டுப்பாடு மிகுந்த பெந்தெகொஸ்தே சபைகளில் வளர்ந்து, பெரியவர்களானபின் அவற்றை விட்டு வந்த, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழர்கள் சிலர், வீட்டாருக்கு இதை எப்படி விளக்குவது என்று என்னிடம் கேட்கிறார்கள். நானும் அப்படி வந்தவள்தான். விளக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

என்ன உடுத்துவது, என்ன படிப்பது, யாரை மணப்பது, சம்பளத்தில் சபைக்கு எவ்வளவு தசமபாகக் காணிக்கை என எல்லாவற்றுக்கும் பாஸ்டரிடமும் பெற்றோரிடமும் காரணம் சொல்லியே நாங்கள் வளர்ந்தோம். சொன்ன காரணம் ஒரு வசனத்தால் எடைபோடப்பட்டு, பெரும்பாலும் குறைவாகவே காணப்பட்டது. இன்றும் நாம் நீண்ட விளக்கம் கொடுக்கத் தொடங்கினால், அதை ஏற்கவோ தள்ளவோ அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். "நான் வரவில்லை, அம்மா" என்பது முழு வாக்கியம்.

அடுத்தது, எல்லை என்பது நம் கையில் இருக்கும் செயலைப் பற்றியதாக இருக்க வேண்டும். எனக்காக உபவாச ஜெபம் செய்யாதீர்கள் என்று நான் அம்மாவுக்கு உத்தரவிட முடியாது. அவருடைய அறையில் அவர் செய்யும் ஜெபம் அவருடையது. ஆனால் முன்னறிவிப்பின்றிப் பாஸ்டரை அழைத்து வந்தால் கதவைத் திறக்க மாட்டேன் என்று சொல்லவும், சொன்னபடி செய்யவும் என்னால் முடியும். அம்மா வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கும்போது அமைதியாக உட்கார்ந்திருப்பேன். பேச்சு என் ஆத்துமாவின் பக்கம் திரும்பினால், கை கழுவிவிட்டுக் கார் சாவியை எடுத்துக்கொள்வேன். கோபம் காட்டுவதில்லை. அம்மா பெரிதும் மாறிவிட்டார். பெரியம்மா மாறவில்லை, மாறுவார் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை.

1960களில் நிறவெறி அரசின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் எங்களை டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வர்த்தில் கொண்டு குவித்ததிலிருந்து, இந்துத் தமிழரும் கிறிஸ்தவத் தமிழரும் அங்கே சுவரோடு சுவராக வாழ்கிறோம். இருந்தும், பக்கத்து வீட்டுத் தீபாவளிப் பலகாரத்தையும் மாரியம்மன் கூழையும் படைத்த உணவு என்று சொல்லி மறுக்கவே எனக்குக் கற்பிக்கப்பட்டது. இப்போது வாங்கிச் சாப்பிடுகிறேன். விக்கிரகத்துக்குத் திரும்பிவிட்டாள், விசுவாசத்தை விட்டு விலகிய பின்மாற்றக்காரி என்று உறவினர் பேசுவதற்கு நான் பதில் சொல்வதில்லை. நான் எந்தக் கோயிலிலும் சேரவில்லை. கூழ் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நான் வளைந்து கொடுப்பதில்லை. பெற்றோர் பிள்ளைகளை "மிதமாக" அடித்துத் திருத்தலாம் என்று குற்றவியல் வழக்குகளில் சொல்லப்பட்டு வந்த எதிர்வாதம் அரசியலமைப்புக்கு முரணானது என்று 2019 செப்டம்பர் 18 அன்று நம் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த எதிர்வாதத்தைக் காப்பாற்ற நீதிமன்றம் வரை சென்றது மதச் சுதந்திரத்தின் பெயரில் இயங்கும் ஓர் அமைப்பு என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கசக்கிறது. பிரம்பு எடுக்கும் வீட்டில், அது தாத்தா வீடாகவே இருந்தாலும், என் பிள்ளைகளைத் தனியே விட மாட்டேன்.

அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்தை எல்லோருக்கும் தருகிறது. சபையை விட்டுப் போனவருக்கும்தான். ஆனாலும் பெற்றோர் வீட்டில் தங்கி, அவர்கள் கட்டும் கட்டணத்தில் படிக்கும் ஒருவர், நான் இதுவரை சொன்னதை நாளைக் காலையே செய்துவிட வேண்டாம். முதலில் வருமானமும் தங்க இடமும் வேண்டும். அதுவரை ஞாயிற்றுக்கிழமை சபையில் உட்கார்ந்திருப்பது கோழைத்தனமும் அல்ல, பாசாங்கும் அல்ல.

பணம் பற்றி இன்னும் ஒன்று. மாதந்தோறும் நான் தரும் தொகையில் அம்மா தசமபாகம் கொடுக்கிறார் என்பது எனக்குத் தெரியும். கொடுத்தபின் அது அவர் பணம் என்று விட்டுவிட்டேன். என் தங்கைக்கு அதில் உடன்பாடில்லை. அவள் மளிகையும் மருந்தும் வாங்கி வைத்துவிட்டுப் போகிறாள், பணமாகத் தருவதேயில்லை. அதுவும் சரியான ஏற்பாடே.