ஆட்கள் இருக்கும் மொழியைத்தான் நான் தெரிவு செய்தேன்

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக் கூட்டத்தில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களும் இதற்குள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எல்லா நாட்டவரும் பொதுவாகக் கதைக்கவென உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழி பழைய காலத்து ஆட்களின் பொழுதுபோக்கு, விபரம் தெரிந்தவர் அதே நோக்கத்தோடு பின்னர் வந்த இன்டர்லிங்குவாவைத்தான் எடுப்பார் என்று ஒரு தம்பி சொன்னதும் எழுந்த சிரிப்பு, மூன்று நாளாகியும் என் காதை விட்டுப் போகவில்லை. அங்கே பேசாமல் இருந்துவிட்டேன். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ஒரு பொதுமொழியைத் தெரிவு செய்யும்போது பார்க்க வேண்டியது அதன் இலக்கணம் எவ்வளவு சீரானது என்பதையல்ல, அதில் கதைக்க யார் இருக்கிறார்கள் என்பதையே. சமென்ஹோஃப் என்ற கண் மருத்துவர் 1887இல் வார்சாவில் எஸ்பெராண்டோவை அறிமுகப்படுத்தி வெளியிட்ட சிறுநூலிலேயே, அந்த மொழியின் மீதான தன் உரிமையைக் கைவிட்டுவிட்டார். அவருக்கு முன்பே வோலாப்பூக் என்ற பொதுமொழியை உருவாக்கிய ஷ்லையர் பாதிரியாரோ, எந்த மாற்றத்திலும் கடைசிச் சொல் தன்னுடையதே என்று நின்றார். சேர்ந்த கூட்டம் கலைந்தது. 1907இல் எஸ்பெராண்டோவைத் திருத்தி இடோ வந்தது. அந்த இடோவின் பக்கம் நின்ற யெஸ்பர்சன் என்ற பெரும் மொழியியலாளரே 1928இல் நோவியல் என்று வேறொன்றைச் செய்தார். திருத்தங்களுக்கு முடிவே இருக்கவில்லை. எஸ்பெராண்டோக்காரர்களோ 1905இலேயே பிரான்சில் முதல் உலக மாநாட்டைக் கூட்டி, அந்த மொழியிலேயே கதைத்தார்கள். ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள், இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள்.

1951இல் வந்த இன்டர்லிங்குவாவை, லத்தீன் வழிவந்த மொழியொன்றை அறிந்தவர் படிக்காமலே வாசித்து விளங்கிக்கொள்ளலாம். உண்மை. ஆனால் அது ஸ்பானியருக்கும் இத்தாலியருக்கும் உள்ள வசதி. கொட்டாஞ்சேனையில் பிறந்த எனக்கு அதில் என்ன இருக்கிறது? எஸ்பெராண்டோவில் செயப்படுபொருளுக்கு எப்போதும் 'ன்' சேர்ப்பது சுமை என்று இடோக்காரர் அதைப் பெரும்பாலும் கழற்றிவிட்டார்கள். 'பூனையை நாய் கடித்தது' என்று பிறந்தது முதல் 'ஐ' சேர்த்துக் கதைக்கும் நமக்கு அது எப்படிச் சுமையாகும்? மருத்துவமனைக்கு எஸ்பெராண்டோவில் 'மல்சனுலேயோ' என்பார்கள். 'சன்' நலம், 'மல்' அதை எதிராக்குகிறது, 'உல்' ஆளையும் 'எய்' இடத்தையும் குறிக்கின்றன, இறுதி 'ஓ' பெயர்ச்சொல் என்று காட்டுகிறது. ஒட்டுக்கு மேல் ஒட்டாக அடுக்குவது தமிழ் நாக்குக்குப் புதிதல்ல.

சொற்களெல்லாம் ஐரோப்பாவிலிருந்து வந்தவைதானே என்பார்கள். பெரும்பாலும் அப்படித்தான், அது எனக்கும் குறையே. ஆங்கிலம் போதாதா என்பார்கள். எனக்குச் சோறு போடுவது ஆங்கிலம்; அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் பின்வரிசையிலிருந்து ஒருவர், "முதலில் சிங்களத்தை ஒழுங்காகப் படியுங்கள்" என்றாரே, அதுதான் என்னைச் சுட்டது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு, என் அப்பா சிங்களப் பரீட்சையில் சித்தியடைந்துதான் அரசாங்க உத்தியோகத்தைக் காப்பாற்றிக்கொண்டார். இரவில் எங்கள் பழைய கொப்பிகளின் பின்பக்கங்களில் அவர் எழுத்துப் பழகியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நானும் படித்தேன், விரும்பியே படித்தேன். ஆனாலும் ஓர் அலுவலகத்தில், படிவத்தைச் சிங்களத்திலேயே நிரப்பிக் கொடுத்த என்னுடைய ஒற்றை எழுத்துப் பிழையை, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துச் சிரித்தார்கள். ஞாயிறன்று கேட்டதும் அதே சிரிப்புத்தான்.

நுகேகொடையில் இருக்கும் என் சிங்கள நண்பரும் நானும் எஸ்பெராண்டோவில் கதைக்கத் தொடங்கி நான்கு ஆண்டுகளாகின்றன. அவருடைய மொழியில் நான் விருந்தாளி, என்னுடைய மொழியில் அவர் விருந்தாளி. இதில் இருவரும் தடுமாறுகிறோம், இருவரும் அகராதியைப் புரட்டுகிறோம். நான் பிழைவிட்டால் அவர் காத்திருக்கிறார். இந்தக் காத்திருப்பை எந்த இலக்கண ஒப்பீட்டு அட்டவணையில் போடுவது, தம்பி?

சமென்ஹோஃப் வளர்ந்த பியாவிஸ்டொக் நகரில் யூதரும் போலந்தியரும் ரஷ்யரும் ஜெர்மானியரும் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்தார்கள். அவருடைய மூன்று பிள்ளைகளையும் பின்னாளில் நாசிகள் கொன்றார்கள். அந்த மனிதர் விட்டுச்சென்ற மொழியைப் பொழுதுபோக்கு என்று சொல்வதை என்னால் பொறுக்க முடியவில்லை.

நேற்றிரவு இதையெல்லாம் நண்பருக்கு எழுதியிருந்தேன். இன்று காலை பதில் வந்தது. மூன்றாவது வரியில் ஒரு பன்மைச் சொல்லுக்கு 'ன்' சேர்க்க மறந்திருந்தேனாம். அதைத் திருத்திவிட்டு, அடுத்த ஞாயிறு தானும் வெள்ளவத்தைக்கு வருவதாக எழுதியிருக்கிறார்.