ஸ்குவாட் ரேக்கில் பீட் எதற்கு?

ஜிம்முக்குள் நுழைந்தாலே டம் டம் டம் என்று ஒரே தாளம். ட்ரெட்மில்லில் ஓடுபவருக்கும் அதுதான், தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட்டுக்குக் குனிந்து நிற்பவருக்கும் அதுதான். ஓடுபவருக்குச் சரி. பளு தூக்குபவருக்கு அந்தத் தாளத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது என் கட்சி.

ஆறு நாள் சைக்கிள் பந்தயம் ஒன்றைக் கவனித்த லியனார்ட் அயர்ஸ் என்ற அமெரிக்கர், பேண்டு வாசிக்கும்போது வீரர்கள் வேகமாக மிதிக்கிறார்கள் என்று 1911இல் எழுதினார். அதற்கு வெகு முன்பே மாலுமிகள் பாய்க்கயிறை இழுத்ததும் பாடிக்கொண்டுதான். எந்த இடத்தில் எல்லோரும் சேர்ந்து இழுக்க வேண்டும் என்பது பாட்டிலேயே இருக்கும். மிதிப்பது, இழுப்பது, ஓடுவது எல்லாம் திரும்பத் திரும்ப வரும் அசைவு. தாளம் அதில் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

இரும்பின் கதை வேறு. 1940களில் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காயம்பட்ட வீரர்களுக்குப் படிப்படியாக எடையைக் கூட்டிப் பயிற்சி கொடுத்தார். இன்று நாம் எண்ணும் செட், ரெப்ஸ் கணக்கு பெரும்பாலும் அவர் வழி வந்தது. (எடையை ஒரு முறை தூக்கி இறக்கினால் ஒரு ரெப், ஓய்வெடுக்காமல் செய்யும் சில ரெப்ஸ் சேர்ந்தால் ஒரு செட்.) எடையும் எண்ணிக்கையும்தான் அதன் உயிர்.

அப்புறம் இந்த டம் டம் எப்படி வந்தது? 1970களின் டிஸ்கோ ஒவ்வொரு அடியிலும் டிரம்மை உதைத்தது. 1980 வாக்கில் டிரம் மெஷின்கள் வந்து, மனிதக் கை செய்யும் சின்னச் சின்னத் தடுமாற்றத்தையும் துடைத்துவிட்டன. 1981இல் வந்த ஒலிவியா நியூட்டன்-ஜானின் 'ஃபிசிக்கல்' பாட்டு அமெரிக்காவில் 10 வாரம் முதலிடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு நடிகை ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சி வீடியோ. ஏரோபிக்ஸ் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான இசை கிடைக்காது. அந்த ஸ்பீக்கர்தான் மெல்லச் சுவரைத் தாண்டி, பளு தூக்கும் பக்கமும் குடியேறிவிட்டது என்று நினைக்கிறேன்.

அதே 1982இல் 'ராக்கி 3' படத்துக்காக 'ஐ ஆஃப் தி டைகர்' பாட்டு வந்தது. (படத்தின் நாயகன் ஸ்டாலோன் முதலில் கேட்டது குயீன் குழுவின் பாட்டை. உரிமை கிடைக்கவில்லை.) சினிமாவில் பயிற்சிக் காட்சி பாட்டோடு கச்சிதமாகப் பொருந்துவது எடிட்டரின் கைவண்ணம். நம் உடம்புக்கு எடிட்டர் கிடையாது.

ஸ்குவாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எடை மாட்டிய இரும்புக் கம்பியை, அதாவது பாரை, ரேக் என்ற தாங்கியிலிருந்து தோளில் ஏற்றி, மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை இறுக்கி, கீழே இறங்கிப் பாருங்கள். கனமான எடையில் ஒரே ஒரு ரெப் மேலே வர மூன்று நொடிகூட ஆகும். நடுவழியில் பார் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் நகரும். இதில் எந்த அடியைப் பிடிப்பது? ஐந்தாவது ரெப்பில் காதுக்குள் ரத்தம் துடிக்கும் சத்தம் மட்டும்தான். பின்னால் நிற்பவர் "இன்னும் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு" என்று கத்துவது கேட்டாலே பெரிய விஷயம். ரேக்கில் பாரை டங்கென்று போட்ட பிறகுதான் பாட்டு திரும்பி வரும். அதற்குள் அது பல்லவியை விட்டுச் சரணத்துக்குப் போயிருக்கும்.

இது என் அனுபவம் மட்டுமல்ல. லண்டன் புரூனெல் பல்கலைக்கழகத்தில் காஸ்டாஸ் கரஜோர்கிஸ் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்தவர். மிதமான உழைப்பில் இசை கவனத்தைத் திருப்பிக் களைப்பைக் குறைத்துக் காட்டும். உழைப்பு உச்சத்துக்கு ஏற ஏற உடம்பு போடும் கூச்சல் இசையை அமுக்கிவிடும் என்பது அந்த ஆய்வுகளின் போக்கு.

அதற்காக ஜிம்மை மௌனமண்டபம் ஆக்கச் சொல்லவில்லை. பாரைத் தொடுவதற்கு முந்தைய அரை நிமிடத்தில் ஒரு முரட்டு கிடார் செய்யும் வேலையை வேறெதுவும் செய்யாது. செட்டுக்கும் செட்டுக்கும் நடுவிலும் பாட்டுக்கு வேலை உண்டு. பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பதிய முடிந்தது. ஜனரஞ்சகப் பாட்டின் நீளம் அங்கேதான் நிலைத்தது. கனமான செட்டுக்குப் பிறகு எடுக்க வேண்டிய ஓய்வும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு பாட்டு முடிந்தால் அடுத்த செட். ஸ்டாப்வாட்ச் பார்க்கிறேன் என்று போனை எடுத்தால் பத்து நிமிடம் போய்விடும்.

ஒரே சிக்கல், இப்போது வரும் பாட்டுகள் பல இரண்டரை நிமிடத்திலேயே முடிந்துவிடுகின்றன. கால்களுக்குப் பயிற்சி செய்யும் லெக் டே அன்று இது பெரிய அநியாயம். அன்றைக்கு மட்டும் நான் பழைய பாட்டுக்குப் போய்விடுவேன்.