விஎம்மில் ஓடுவது வேறு, லேப்டாப்பில் ஓடுவது வேறு
விர்ச்சுவல்பாக்ஸ் என்பது கணினிக்குள்ளேயே இன்னொரு மெய்நிகர் கணினியை (விஎம்) ஓட்டும் மென்பொருள். அதில் விண்டோஸ் 11 முன்னோட்டப் பதிப்பை (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) நிறுவ, விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைத்தே ஆக வேண்டும் என்று ஒரு கட்டுரை சொல்வது பழைய கதை. 2022-இல் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 பதிப்பிலிருந்தே, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0-உம் (பாதுகாப்புச் சிப்) செக்யூர் பூட்டும் (நம்பகமான மென்பொருளை மட்டும் கொண்டு கணினியைத் தொடங்கும் வசதி) அதிலேயே இருக்கின்றன. சிஸ்டம் அமைப்புகளில் தேர்ந்தெடுத்தால் போதும். ரேம் மட்டும் 4 ஜிபிக்குக் குறையக் கூடாது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், விஎம்மில் ஓடினால் லேப்டாப்பிலும் ஓடும் என்கிறார். தயவுசெய்து அதை நம்பி இறங்காதீர்கள். விஎம் காட்டுவது மென்பொருளால் உருவான கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு. உங்கள் வைஃபை, கைரேகை டிரைவர்கள் (அந்த வன்பொருளை இயக்கும் மென்பொருள்கள்) அங்கே சோதனைக்கே வருவதில்லை. எங்கள் அலுவலகத்தில் விஎம்மில் எல்லாம் சுத்தமாக இருந்தது. அசல் லேப்டாப்பில் மூடித் திறந்தால் வைஃபை காணாமல் போகும், காரணம் அதிலிருந்த பழைய டிரைவர். கணக்கு மென்பொருள், தமிழ்த் தட்டச்சு, பிரிண்ட் லேஅவுட் இவற்றைப் பார்க்க விஎம் அருமையான இடம், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன்னால் ஸ்னாப்ஷாட் (திரும்பிப் போக உதவும் அப்போதைய நிலையின் பதிவு) எடுத்துக்கொண்டால்.