ஜிம்முக்குப் போகும்போது ஒரு கொப்பியும் கொண்டு போங்கள்

நேற்றுப் பின்னேரம் ஜிம்மில் ஒரு தம்பியிடம், "போன கிழமை பெஞ்ச் எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டேன். பெஞ்சில் மல்லாந்து படுத்துத் தூக்குகிற பாரத்தைத்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "நாற்பதோ ஐம்பதோ தெரியாண்ணா, அண்டைக்குக் கிடந்த பிளேட்டைப் போட்டன்" என்றார். இரண்டு வருடமாக வருகிறவர். மாரி மழையிலும் மட்டக்களப்பின் கல்லடிப் பாலம் தாண்டி சைக்கிளில் வந்து நிற்பார். அப்படி உழைக்கிற பிள்ளையின் தோளும் நெஞ்சும் நான் முதன்முதல் கண்ட அன்று இருந்தபடியே இருக்கின்றன. வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை.

எங்கள் ஊரில் இப்போது ஜிம்களுக்குப் பஞ்சமில்லை. மெஷின் வருகிறது, கண்ணாடி வருகிறது, புரதப் பவுடர் டின் அடுக்கடுக்காக வருகிறது. நான் போன எந்த ஜிம்மிலும் பத்துப் பேரில் ஒருவர் கையில்கூட ஒரு கொப்பியைக் கண்டதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வாங்குகிற எண்பது பக்கக் கொப்பி போதும். போனில் எழுதினாலும் சரி. ஆனால் எழுத வேண்டும்.

ஏனென்றால் பலம் கூடுகிற விதமே அப்படித்தான். இன்று 40 கிலோவை எட்டுத் தரம் தூக்கினால், அதைவிடச் சற்றுக் கூடுதலாக அடுத்த முறை கேட்கும்போதுதான் தசை வளர்ந்து கொடுக்கும். கேட்காவிட்டால் இருக்கிறதோடு நின்றுவிடும். போன முறை என்ன செய்தோம் என்றே தெரியாதவர் இன்று எதைக் கூட்டுவார்?

இது ஜிம்காரர்கள் கண்டுபிடித்த சங்கதி இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தோமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர், முழங்கால் காயத்தோடு வந்த படைவீரர்களுக்குப் பாரம் தூக்கக் கொடுத்தார். காயப்பட்ட காலுக்கு இலேசான பயிற்சிதான் கொடுக்க வேண்டும் என்று நம்பிய காலம் அது. அவர் பத்துத் தரம் மட்டும் தூக்கக்கூடிய எடை எது என்று ஒவ்வொருவருக்கும் கண்டுபிடித்து, கிழமைக்குக் கிழமை அதை மறுபடி சோதித்து, பலம் கூடக்கூட எடையையும் கூட்டினார். 1945இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஊன்றுகோலோடு நடந்தவர்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். அந்தக் கதையை முதன்முதல் வாசித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன்.

நான் முதலில் சேர்ந்த ஜிம்மில் எனக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். முதல் நாளே நெஞ்சுக்கு மட்டும் ஐந்து விதப் பயிற்சி, ஒவ்வொன்றும் நாலு செட், அதாவது நாலு சுற்று. மூன்று நாள் சட்டை போடக் கை தூக்க முடியவில்லை. "வலிச்சாத்தான் வளரும்" என்றார்கள். இரண்டாம் கிழமை ஒரு பவுடர் டின்னையும் தலையில் கட்டினார்கள். ஒரு மாதத்தோடு நின்றேன், நாலு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. வலி வேறு, வளர்ச்சி வேறு என்று அன்று ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால் அந்த நாலு வருடம் வீணாகியிருக்காது. புதிதாக வருகிறவரை முதல் நாளே முறித்து அனுப்புகிற பழக்கத்தில் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது.

இப்போது நான் செய்வது கிழமைக்கு மூன்று நாள், ஒரு நாளைக்கு மூன்றே பயிற்சி. திங்கள் ஸ்குவாட் (பாரத்தைத் தோளில் வைத்துக் குந்தி எழும்புவது), பெஞ்ச் பிரஸ், ரோ (குனிந்து நின்று பாரத்தை வயிற்றுப் பக்கம் இழுப்பது). புதன் ஸ்குவாட், ஓவர்ஹெட் பிரஸ் (நின்றபடி தலைக்கு மேலே தூக்குவது), டெட்லிஃப்ட் (நிலத்தில் கிடக்கும் பாரத்தைத் தூக்கி நிமிர்வது). வெள்ளி மறுபடி திங்களுக்குரியது, அடுத்த கிழமை புதனுக்குரியதில் தொடங்கும். மூன்று செட், ஒவ்வொன்றிலும் ஐந்து முதல் எட்டு ரெப் (தரம்) வரை. டெட்லிஃப்ட் மட்டும் இரண்டு செட். நடுவில் இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு. மொத்தம் ஒரு மணித்தியாலம். வேலை முடித்து, பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு வருகிறவருக்கு இதற்கு மேல் எங்கே நேரம்? முதல் மாதம் எடைத் தட்டு (பிளேட்) போடாத வெறும் இரும்புப் பாரோடு தொடங்கினால் வெட்கமில்லை. அந்த நாட்களில் கூடுகிற பலத்தில் பெரும்பகுதி நரம்பு பழகுவதால் வருவது. தசையை எலும்போடு இணைக்கிற தசைநாண்கள் பலப்பட இன்னும் கூடுதல் காலம் வேண்டும்.

எழுதத் தொடங்கினால்தான் சில விசயங்கள் பிடிபடும். எங்கள் ஜிம் பார் 20 கிலோ என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். போட்டிகளில் ஆண்களுக்கான பாரின் எடை அது. ஒருநாள் எடை பார்க்கும் தராசில் பாரைத் தூக்கிக்கொண்டு ஏறி, என் எடையைக் கழித்துப் பார்த்தால் 12 கிலோ. ஒன்றரை வருடக் கணக்கையும் திருத்தி எழுதினேன். நீங்களும் ஒருதரம் நிறுத்துப் பாருங்கள்.

அப்புறம் பிளேட். எங்களிடம் இருக்கிற ஆகச் சிறியது இரண்டரைக் கிலோ. பக்கத்துக்கு ஒன்று போட்டால் ஒரே பாய்ச்சலில் ஐந்து கிலோ ஏறும். ஸ்குவாட்டில் அது பெரிதாகத் தெரியாது. ஓவர்ஹெட் பிரஸில் கிட்டத்தட்ட 30இலிருந்து 35க்குப் போவதென்றால் ஆறில் ஒரு பங்கு கூடுதல், தோள் தாங்காது. அங்கேதான் பலர் மாதக்கணக்கில் சிக்கி நிற்கிறார்கள். இடுப்பை வளைத்து, முழங்காலால் உந்தி, எப்படியோ மேலே கொண்டுபோகப் பார்க்கிறார்கள். எடையை விட்டுவிட்டு முதலில் ரெப்பைக் கூட்டுங்கள். என் கொப்பியில் அந்தப் பக்கம் இப்படி இருக்கிறது: 6, 5, 5. அடுத்தது 7, 6, 5. பிறகு 7, 7, 6. மூன்று செட்டிலும் எட்டு வந்த அன்றுதான் பிளேட்டைத் தொட்டேன். புது எடையில் 5, 4, 4. பக்கத்தில் "நித்திரை நாலு மணித்தியாலம், மகனுக்குக் காய்ச்சல்" என்று எழுதியிருக்கிறேன். வியர்வை பட்டு அந்த வரி கலங்கிப்போய்க் கிடக்கிறது. பலம் குறைந்துவிட்டதோ என்று அன்று பயந்தவனுக்கு, காரணம் அந்த வரியில்தான் இருந்தது.

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே நின்று பார் பிடிப்பது என்னவென்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். கை வழுக்கும், தலை சுற்றும். போன வருடக் கொப்பியைப் புரட்டினால் அந்த மாதங்களில் எல்லா எண்ணும் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது, மழை தொடங்க ஏறிவிடுகிறது. அதனால் இப்போது அந்தக் காலத்தில் எடையோடு மல்லுக்கட்டுவதில்லை. காத்தான்குடி நண்பர் ஒருவர் நோன்பு மாதத்தில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடித்து இரவில் வருவார், கிழமைக்கு இரண்டு நாள் மட்டும். எடையைக் கூட்டமாட்டார், பழைய எடையைக் காத்துக்கொள்வார். வளர்ப்பதற்கு வேண்டிய பயிற்சியில் ஒரு பங்கு இருந்தாலே வளர்ந்ததைக் காப்பாற்றிவிடலாம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பாரம் தூக்குகிறவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவு புரதம் போதும். எழுபது கிலோ ஆளுக்கு 112 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. மீன், கடலை, பருப்பு, பயறு, எருமைத் தயிர் எல்லாம் இருக்கிற ஊரில் டின் வாங்கக் கடன்படாதீர்கள். தசை வளர்க்க ஊசி, குளிசை என்று யாராவது காதில் ஓதினால் அந்த ஆளைவிட்டே விலகுங்கள்.

இதையெல்லாம் இளந்தாரிகளுக்கு மட்டும் சொல்லவில்லை. என் கொப்பியின் பின்பக்கத்தில் அம்மாவின் கணக்கு இருக்கிறது. அம்மாவுக்கு அறுபத்துநாலு வயது, சலரோகம். முப்பதுகளுக்குப் பிறகு தசை மெல்ல மெல்லக் குறையும், அறுபது தாண்டினால் வேகமாகக் குறையும். பாயில் இருந்தால் எழும்ப இரண்டு பேர் வேண்டும் என்ற நிலைக்கு அம்மா வந்திருந்தார். பெரியவர்கள் எல்லோரும் கிழமைக்கு இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டலில் சொல்கிறது. அதில் முதியவர்களும் அடக்கம். கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டேன், செய்யட்டும் என்றார்.

சுவரோடு பிளாஸ்டிக் கதிரையைச் சேர்த்து வைத்து, கை பிடிக்காமல் எழும்பி இருக்கச் சொன்னேன். "எனக்கு ஒண்ணா மனே" என்றார். அன்று மூன்று தரம். எழுதினேன். அடுத்த முறை நாலு. இரண்டு மாதத்தில் பத்துப் பத்தாக இரண்டு செட். பிறகு இரண்டு கிலோ சீனிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்தார். ஒரு செட் முடிந்ததும், "மறுகா எத்தனை?" என்று அவரே கேட்கத் தொடங்கிவிட்டார்.

இந்த ஆடி அமாவாசைக்கு அப்பாவின் பிதிர்க்கடனுக்காக மாமாங்கம் கோயிலுக்குப் போனோம். கடமை முடித்து, குளக்கரையில் நிழல் பார்த்து நிலத்தில் இருந்தோம். புறப்படும்போது வழக்கம்போல் கை நீட்டினேன். அம்மா என் கையைப் பிடிக்கவில்லை. ஒரு காலை முன்னே வைத்து, தொடையில் கையூன்றி, தானாக எழும்பி நின்று சேலையைத் தட்டிவிட்டார். இரவு சாப்பிட்டுவிட்டு இருக்கும்போது என் கொப்பியைத் தானே எடுத்து வந்து மடியில் வைத்தார்.

"நிலத்திலருந்து ஒண்டு. கையூண்டித்தான் எழும்பினன், அதையும் எழுது மனே."