காய்ச்சலில் ஹைட்ரோகார்டிசோனை நிறுத்தாதீர்கள்

"ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், காய்ச்சல் விடும்வரை நிறுத்திவையுங்கள்" என்று சொல்வது சி.ஏ.எச். என்னும் பிறவி அட்ரீனல் கோளாறுள்ள குழந்தைக்கு உயிராபத்து. தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். இவர்களின் அட்ரீனல் சுரப்பியால், உடல் நோயைத் தாங்க உதவும் கார்டிசோல் ஹார்மோனைப் போதிய அளவு தர முடியாது. ஹைட்ரோகார்டிசோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை அந்தக் குறையைத்தான் நிரப்புகிறது. காய்ச்சலில் தேவை இன்னும் கூடும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால் அன்றாட ஹைட்ரோகார்டிசோன் அளவில் இருமடங்கு, 102.2 தாண்டினால் மும்மடங்கு, நாள் முழுக்கப் பிரித்துக் கொடுப்பதே வழக்கம். உடலில் உப்பைத் தக்கவைக்கும் ஃப்ளூட்ரோகார்டிசோன் மாத்திரையின் அளவு மாறாது.

மாத்திரை கொடுத்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுங்கள். அதுவும் தங்காவிட்டால் ஹைட்ரோகார்டிசோன் ஊசியைத் தொடையில் போட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்: 3 வயதுக்குள் 25 மி.கி., 12 வரை 50, அதற்கு மேல் 100. தாமதித்தால் சோடியம், சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றும் சரியும். குழந்தைக்குரிய அளவை மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கி, ஊசிப் பெட்டியிலேயே வையுங்கள்.