எலுமிச்சைச் சொறிக்கு மஞ்சள், பூண்டுக் கரைசல் போதுமா?

"பூண்டு, மஞ்சள், வேப்பெண்ணெய் கலந்து மூன்று நாள் தெளித்தால் எலுமிச்சையில் சொறியும் மஞ்சளிப்பும் போய்விடும், ஆன்டிபயாடிக்கே வேண்டாம்" என்று மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஆன்டிபயாடிக் வேண்டாம் என்பது சரி. மற்றது தவறு.

சொறி நோயும், இலையை மஞ்சளாக்கும் கிரீனிங் நோயும் வெவ்வேறு பாக்டீரியாக்களால் வருபவை. இலையின் இரு பக்கமும் சொரசொரப்பாக எழும்பி, சுற்றிலும் மஞ்சள் வளையம் இருந்தால் அது சொறி. காற்றோடு அடிக்கும் மழையில் பரவும். இரண்டு பருவமழையும் பெறும் குமரி மாவட்டத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம். வேப்பெண்ணெய் இலைத் துளைப்பானைக் கட்டுப்படுத்தும். அந்தப் பூச்சி போட்ட காயம் வழியாகத்தான் கிருமி எளிதாக நுழைகிறது என்பதால் அந்த அளவுக்கு உதவும். வந்த புண்ணை ஆற்றாது. நோய்க் கிளைகளை வெயில் நாளில் வெட்டி எரித்துவிட்டு, காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற செம்பு மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் கலந்து தெளியுங்கள்.

கிரீனிங் கதை வேறு. அதன் கிருமி மரத்தின் உணவுக் குழாய்க்குள் இருக்கிறது, இலைமேல் தெளித்த பூண்டுச்சாறு அங்கே எட்டாது. இலையை நடுநரம்பில் மடித்துப் பாருங்கள்: இரு பாதியிலும் மஞ்சள் ஒரே மாதிரி இருந்தால் பெரும்பாலும் துத்தநாகச் சத்துக் குறை, ஏறுமாறாக இருந்தால் கிரீனிங் சந்தேகம்.

அப்புறம், 2020-இல் கலிபோர்னியாவில் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தார் ஆஸ்திரேலிய விரல் எலுமிச்சையில் கிரீனிங் கிருமியைக் கொல்லும் புரதத் துணுக்கு ஒன்றைக் கண்டறிந்ததாக அறிவித்தார்கள். அது நம் அடுக்களைப் பூண்டு அல்ல.